எண்பது மணி நேரம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் பொறியியல் படித்த யாரைக் கேட்டாலும் செமஸ்டர், அரியர், இன்டர்னல் மார்க் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதே விதிமுறைப் புத்தகத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அதைச் சொன்னால் பாதிப் பேர் "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்பார்கள். கல்லூரியில் சேரும்போதே ஒவ்வொரு மாணவரும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., என்.எஸ்.ஓ., ஒய்.ஆர்.சி. என்ற நான்கில் ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 80 மணி நேரம் பயிற்சி, ஏழு நாள் முகாம். நாங்கள் படித்த காலத்து விதி இது. இதில் என்.எஸ்.ஓ. என்பது தேசிய விளையாட்டு அமைப்பு. விளையாட்டு, டிரில், உடற்பயிற்சி எல்லாம் அதன் கணக்கில் வரும்.

நான் படித்தது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, பழைய என்.எச். 45ஐ ஒட்டி நின்ற ஒரு தனியார் கல்லூரியில். எங்கள் 80 மணி நேரம் ஒரு லாங் சைஸ் நோட்டில் இருந்தது. வருஷக் கடைசியில் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினோம். மைதானம் இல்லாமல் இல்லை. அதில் கல்லூரி பஸ்கள் நின்றன. கடைசி பீரியட் முடிந்து இருபது நிமிஷத்தில் பஸ் கிளம்பிவிடும். செஞ்சி ரூட், மயிலம் ரூட், விக்கிரவாண்டி ரூட் என்று டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். 'கிரவுண்டுக்கு வா' என்று நண்பன் சொன்னால் பஸ் ஏற வா என்று அர்த்தம்.

மாணவர்களின் மனநலம் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டிய நிலைமைதான். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது, எண் 14416. டிசம்பரில் தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. இவை எல்லாம் வேண்டியவை. ஆனால் மாணவனின் மனதைக் கவனிக்க அவன் உடம்பைக் கவனிக்க வேண்டும் என்ற யோசனை கல்லூரிகளுக்குப் புதியது இல்லை. அதற்கு நூற்றி அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அந்த யோசனை எங்கே பிறந்து, எந்த வழியாக விழுப்புரம் வரை வந்து, எப்படி ஒரு நோட்டுப் புத்தகமாகச் சுருங்கியது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

ஒரே ஆற்றோரத்தில் மூன்று ஊர்கள்

1850களின் அமெரிக்கா. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிறிய கல்லூரி. அதன் தலைவர் வில்லியம் ஸ்டெர்ன்ஸ் தன் மாணவர்களைப் பார்த்துக் கவலைப்பட்டார். நன்றாகப் படிக்கிற பையன்கள் வருஷக் கடைசியில் உடைந்துபோகிறார்கள்; உடம்பும் மனசும் தளர்ந்து படிப்பை விட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அறநெறி சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது, கல்லூரியே ஒரு துறை தொடங்கி மாணவர்களின் உடல்நலத்தைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் வாதாடினார். 1860இல் உடற்பயிற்சிக் கூடம் கட்டப்பட்டது. 1861இல் எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற மருத்துவர் சுகாதாரம் மற்றும் உடற்கல்விப் பேராசிரியராக வந்தார். வாரத்தில் சில நாட்கள் வகுப்பு வகுப்பாக மாணவர்கள் கூடி, பியானோ இசைக்கு மரத்தாலான சின்ன டம்பெல்களை வைத்துப் பயிற்சி செய்வார்கள். கட்டாயம்தான், ஆனால் சிரிப்பும் சத்தமும் அனுமதிக்கப்பட்ட கட்டாயம். ஹிட்ச்காக் ஐம்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

ஸ்டெர்ன்ஸ் கேட்ட கேள்வியில் ராணுவம் இல்லை, பதக்கம் இல்லை. என் மாணவன் ஏன் வாடிப்போகிறான் என்பதுதான் கேள்வி. பின்னால் வந்தவர்கள் பலர் இந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற தூரத்துக்குள், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. 1891 குளிர்காலத்தில் அங்கு ஒரு வகுப்பு அடங்கவே இல்லை. வெளியே பனி. உள்ளே தினமும் அதே ஜிம்னாஸ்டிக்ஸ். மாணவர்களுக்கு வெறுத்துவிட்டது. துறைத் தலைவர் லூதர் குலிக், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் பதினான்கு நாட்களுக்குள் ஏதாவது புதுசாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடி என்றார். பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் மாட்டினார் நைஸ்மித். கூடைப்பந்து பிறந்தது. நாலு வருஷம் கழித்து, 1895இல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் என்ற இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர், அவ்வளவு மோதல் இல்லாத விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். அதுதான் வாலிபால்.

குலிக் ஒய்.எம்.சி.ஏ.வுக்காக ஒரு முக்கோணச் சின்னமும் வடிவமைத்தார். உடல், மனம், ஆன்மா, மூன்றும் மூன்று பக்கம். அலுத்துப்போன மாணவர்களின் மனதுக்கு மருந்தாகக் கண்டுபிடித்த விளையாட்டுகளைத்தான் நாம் இன்று மண்டல அளவிலான போட்டியாக மட்டும் பார்க்கிறோம்.

சென்னைக்கு வந்த ஸ்பிரிங்ஃபீல்டு

தமிழ்நாட்டில் உடம்பைப் பற்றிய பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1897இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், இளைஞர்களுக்கு முதலில் வேண்டியது வலுவான உடம்பு என்றார். கீதையைவிடக் கால்பந்து உங்களைச் சொர்க்கத்துக்கு அருகே கொண்டுபோகும் என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் பள்ளிக்கூடச் சுவர்களில் வெவ்வேறு வடிவில் தொங்குகிறது. அடிமைப்பட்ட நாட்டுக்குத் திடமான பிள்ளைகள் வேண்டும் என்பது அவர் கவலை. நியாயமான கவலை. ஆனால் இங்கே கேள்வி ஏற்கெனவே மாறிவிட்டது. மாணவனுக்கு உடம்பு எதற்கு என்றால் நாட்டுக்காக.

1919இல் ஹாரி க்ரோ பக் என்ற ஸ்பிரிங்ஃபீல்டு பட்டதாரி சென்னை வந்தார். 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரிதான் ஆசியாவில் உடற்கல்விக்கென்று தொடங்கப்பட்ட முதல் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்கு பக் மேலாளர். இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாவதிலும் அவருக்குப் பங்குண்டு. 1943இல் சென்னையிலேயே இறந்தார்.

ஒலிம்பிக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பக்கின் கல்லூரி ஆசிரியர்களை உருவாக்கியது. அவர்கள் மாகாணம் முழுவதும் பள்ளி கல்லூரிகளுக்குப் போனார்கள். அதற்கு முன் பள்ளிகளில் இருந்தவர் 'டிரில் மாஸ்டர்'. பெயரே சொல்கிறது, அது ராணுவத்திலிருந்து வந்த பயிற்சி. பக்கின் மாணவர்கள் பந்தைக் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, நடுவில் ஒரு கிழிந்த வலை கட்டியிருப்பார்கள். மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்த அண்ணன்கள் முண்டா பனியனோடு வாலிபால் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஹோலியோக்கிலிருந்து மரக்காணம் ரோடு வரை அந்தப் பந்து வந்த வழியில் நந்தனம் ஒரு முக்கியமான நிறுத்தம்.

அவ்வளவு பேர் வந்தும் பழைய பெயர் போகவில்லை. எங்கள் அப்பா தலைமுறைக்கு அது டிரில் பீரியட். எங்களுக்கு பி.இ.டி. பீரியட். பத்தாவது வந்ததும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிற பீரியட்.

சாவ்தான்

1962 சீனப் போர் கல்லூரி மைதானங்களையும் மாற்றியது. 1963 முதல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது. காக்கி உடுப்பு, பூட்ஸ், அணிவகுப்பு. இந்தியாவின் கல்லூரி மாணவர்கள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில், இவ்வளவு ஒழுங்காக உடம்பை அசைத்த காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கேட்டது நாடு. கிடைத்தது வரிசை.

தமிழ்நாட்டில் அந்த வரிசையை ஒரு சொல் கலைத்தது. என்.சி.சி.யின் கட்டளைச் சொற்கள் இந்தியில் இருந்தன. 'சாவ்தான்' என்றால் விறைத்து நிற்க வேண்டும், 'விஷ்ராம்' என்றால் தளர்ந்து நிற்க வேண்டும். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னெடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அன்று விழுப்புரமும் திண்டிவனமும் சிதம்பரமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து ஆட்சி மாறியது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் மும்மொழித் திட்டத்தை நிராகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது.

ஒரு உடற்பயிற்சி ஆணை சட்டமன்றத் தீர்மானத்தில் இடம்பெறுவது சாதாரண விஷயம் இல்லை. என் உடம்பு எந்த மொழிக்கு அசையும் என்று ஒரு தலைமுறை கேட்டது. அதை மொழி அரசியல் என்று மட்டும் வாசித்துவிட முடியாது என்று நினைக்கிறேன். உடம்பு தன்னுடையது என்ற உணர்வும் அதில் இருக்கிறது.

அதே 1968இல்தான் விழுப்புரத்தில் அரசு கலைக் கல்லூரி வந்தது. இன்று அதற்கு அறிஞர் அண்ணாவின் பெயர். 1969இல் திண்டிவனத்தில் இன்னொரு அரசு கலைக் கல்லூரி; அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சராக இருந்த ஏ. கோவிந்தசாமியின் பெயர் அதற்கு. தென்னார்க்காட்டின் இந்தப் பகுதியில், வீட்டுக்கு முதல் பட்டதாரிகள் உருவாக ஆரம்பித்தது இந்த இரண்டு கல்லூரிகளால்தான் என்று சொல்லலாம். அதற்கு முன் டிகிரி படிக்க வேண்டும் என்றால் கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டும்.

நாடெங்கும் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயம் என்பது முடிவுக்கு வந்ததும் 1968இல்தான். மாற்றாக இரண்டு திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இன்னொன்று, தேசிய விளையாட்டு அமைப்பு. அந்த என்.எஸ்.ஓ.தான். என்.சி.சி.க்கு ராணுவம் பின்னால் நின்றது. என்.எஸ்.எஸ்.ஸுக்கு காந்தியும் கல்வி அமைச்சகமும் இருந்தார்கள். என்.எஸ்.ஓ.வுக்கு யாரும் பெரிதாக இல்லை. ஆனால் மூன்றும் ஒரே மூச்சில் விதிமுறைகளில் எழுதப்பட்டன. நாற்பது வருஷம் கழித்து நாங்கள் முதலாண்டில் நிரப்பிய படிவத்தில் அவை அதே வரிசையில் இருந்தன.

ஆக, எங்கள் 80 மணி நேரத்தின் வம்சாவளி இதுதான். சீனப் போரில் பிறந்து, மொழிப் போரில் கலைந்து, காந்தி நூற்றாண்டில் வேறு பெயர் வாங்கியது. ஸ்டெர்ன்ஸின் கேள்வி இந்தப் பாதையில் எந்த ஸ்டேஷனிலும் ஏறவே இல்லை.

கண்டக்டர்களும் ஹார்வர்டும்

இப்போது அறிவியல் பக்கம். விழுப்புரத்துக்காரர்களுக்குப் பிடித்தமான இடத்திலிருந்தே தொடங்கலாம்: பஸ். எங்கள் ஊர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடம். 1975இல் தொடங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்தான் இன்றைய விழுப்புரம் கோட்டம்.

1953இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார். அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே பின்னணி. ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் கொஞ்சம் தாமதமாகவும் வந்தது. உடலியக்கத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவை எண்ணிக்கையில் காட்டிய முன்னோடி ஆய்வு இது.

மாரிஸ் இதயத்தைப் பார்த்தார். மனதைப் பார்க்கக் கல்லூரிகளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ரால்ஃப் பாஃபென்பார்கர் என்ற தொற்றுநோயியலாளர் ஹார்வர்டின் பழைய மாணவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். 1994இல் வந்த கட்டுரையில் மனச்சோர்வுக் கணக்கு இருக்கிறது. வாரம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ விளையாடியவர்களுக்கு, விளையாடாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு. ஆனால் தற்கொலையோடு இதே மாதிரி தெளிவான தொடர்பு அந்த ஆய்வில் கிடைக்கவில்லை. இதை மறைக்கக் கூடாது. 'காலையில நாலு ரவுண்டு ஓடு, எல்லாம் சரியாப் போயிடும்' என்று உடைந்து நிற்கிற ஒரு பையனிடம் சொல்வது மருத்துவமும் இல்லை, அன்பும் இல்லை. அவனுக்கு வேண்டியது மருத்துவர், கூட இருக்க ஒரு ஆள், 14416 போன்ற ஒரு எண்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விளையாடுவதால் மனசு நன்றாக இருக்கிறதா, மனசு நன்றாக இருப்பவன் விளையாட வருகிறானா? நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், லாகைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது, ஏ/பி டெஸ்ட் போட வேண்டும். போட்டிருக்கிறார்கள். 1984இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிசா மக்கான், டேவிட் ஹோம்ஸ் இருவரும் லேசான மனச்சோர்வு இருந்த 43 மாணவிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பத்து வாரம் ஓட்டமும் ஏரோபிக்ஸும். ஒரு குழுவுக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஓடிய குழுவுக்குத்தான் சோர்வு அதிகம் குறைந்தது. 1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழு, 50 வயதுக்கு மேற்பட்ட 156 மனச்சோர்வு நோயாளிகளிடம் உடற்பயிற்சியையும் செர்ட்ரலின் மாத்திரையையும் ஒப்பிட்டது. மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது. 16 வாரம் முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. அதற்காக மருந்தை நிறுத்திவிடலாம் என்று அர்த்தம் இல்லை. உடற்பயிற்சி ஒரு நிஜமான சிகிச்சையாக எண்ணப்படலாம் என்று அர்த்தம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த கண்டுபிடிப்பு வேறு. ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு செய்கிற உடலியக்கத்துக்கும் நல்ல மனநிலைக்கும் தொடர்பு தெரிகிறது. வேலைத்தலத்தில் பிழைப்புக்காகச் செய்கிற உடல் உழைப்புக்கு அந்தத் தொடர்பு தெரிவதில்லை. ஒரே தசை, ஒரே வியர்வை. ஆனால் மனசு கணக்கை வேறு மாதிரி எழுதுகிறது.

நிழலில் உட்காருவது

இந்தக் கண்டுபிடிப்பை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கரும்பு வெட்டுகிறவரிடம் போய், உடலியக்கம் மனசுக்கு நல்லது என்று சொல்லிப் பாருங்கள்.

"எம்புள்ள நெழல்ல உக்காந்து சம்பாதிக்கணும்." விழுப்புரம் மாவட்டத்தில் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பலரும் ஏதோ ஒரு வடிவில் இதைச் சொல்லியிருப்பார்கள். வெயிலில் குனிந்த முதுகு நிமிர்வதற்குத்தான் படிப்பு. உட்காருவது இங்கே சோம்பல் இல்லை, தலைமுறைகள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த கூலி. நாற்காலி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்த பொருளும் இல்லை. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்று ஊரே விதித்திருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த முதல் பட்டதாரிப் பிள்ளையிடம் 'உட்கார்ந்தே இருக்காதே' என்று சொல்வதற்கு முன் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் பிள்ளை கிரிக்கெட் மட்டையோடு கிளம்பினால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. "உடம்பு வளையணும்னா கொல்லிக்கு வா, வேலை கெடக்குது" என்பார். அவருக்கு விளையாட்டு, உழைப்புக்கும் படிப்புக்கும் நடுவில் வீணாகிற நேரம். ஆய்வு சொல்வதோ, அந்த வீணான நேரத்தில்தான் மருந்து இருக்கிறது என்பது. யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டாத ஒரு மணி நேரம். தோற்றாலும் அரியர் விழாத ஒரு இடம். பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட நாலு பேர்.

அந்த நாலு பேர் யார் என்பதும் முக்கியம். எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம். காணும் பொங்கல் டோர்னமென்டில்கூடத் தனித்தனி ஜெர்ஸி. இரண்டு தெருப் பையன்களும் வலையின் ஒரே பக்கம் நிற்பதற்கு வாய்ப்புள்ள முதல் இடம் கல்லூரி மைதானம்தான். அதில் பஸ்ஸை நிறுத்தினால் இழப்பது உடற்பயிற்சியை மட்டும் இல்லை.

எங்கே ஓடுவது

சித்தி மகள் ஒருத்தி இப்போது கல்லூரி படிக்கிறாள். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போகிறாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, காலேஜ்ல ஏதாவது கேம் ஆடறியா என்று கேட்டேன்.

"ஓடறோம்ணா. பஸ் ஸ்டாண்டுக்கு."

சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள். கிரவுண்டில் பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. இவர்கள் போனால் வேடிக்கை பார்ப்பாங்க. டிராக் பேன்ட் எடுத்துப் போனால் மாற்ற ஒரு ரூம் கிடையாது. ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்தால் தெருவே கேட்கும். "நீ வேணா கட்டுரை எழுதுண்ணா, எனக்கு ஒரு ரூமும் தாழ்ப்பாளும் போதும்" என்றாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்குப் போதுமான உடலியக்கம் இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். போதுமானது என்றால் மாரத்தான் எல்லாம் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி நடந்தாலே போதும். அந்த 42க்கும் 57க்கும் நடுவிலான இடைவெளியைப் பெண்களின் சோம்பல் என்று எழுதிவிட முடியாது. அது தாழ்ப்பாள் இல்லாத கதவு, இருட்டுவதற்குள் பிடிக்க வேண்டிய பஸ். கான்சாஸில் ஓடி மனம் தேறியவர்கள் எல்லோருமே மாணவிகள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஊருக்குப் போகும்போது விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் சுகர் வந்த பிறகு டாக்டர் சொல்லி நடப்பவர்கள். இருபது வயதுக்காரர்கள் அந்த நேரத்தில் பஸ்ஸிலோ பாசஞ்சர் ரயிலிலோ இருக்கிறார்கள். சென்னை வந்து வேலையில் சேர்ந்ததும் இவர்களில் சிலர், ஓ.எம்.ஆர். ஓரத்தில் வலை கட்டிய டர்ஃபை மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்து ராத்திரி பதினோரு மணிக்குக் கால்பந்து ஆடுவார்கள். நானும் ஆடுகிறேன். ஊரில் சவுக்குக் கம்பு நட்டால் சும்மா கிடைத்ததைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கேள்வியைத் திருப்பிக் கொடுப்பது

நாட்டுக்காக, ஒழுக்கத்துக்காக, சேவைக்காக, பதக்கத்துக்காக என்று மாணவர்களின் உடம்பை ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு காரணத்துக்குக் கூப்பிட்டது. காரணம் போனதும் பயிற்சி வெறும் கையெழுத்தாகிவிட்டது. இப்போது மனநலம் என்ற புதிய காரணம் வருகிறது. இதுவும் இன்னொரு நோட்டாக, இன்னொரு வருகைப் பதிவாக, ஜூன் 21 அன்று எடுக்கிற ஒரு குரூப் போட்டோவாக முடிந்துவிடலாம். ஐந்து மதிப்பெண் என்று அறிவித்தால் போதும், விளையாட்டும் ஒரு அரியர் பேப்பர் ஆகிவிடும். விருப்பம் போன உடலியக்கம் மனசுக்கு என்ன செய்கிறது என்று மேலே பார்த்தோம்.

எனவே நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. 2000களின் இறுதியில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு பழைய கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நெடுஞ்சாலை முழுக்கத் தனியார் கல்லூரிகள். 1968இல் டிகிரிக்கு ஊர் விட்டு ஊர் போன இந்தப் பகுதியில் இன்று கல்லூரிக்குக் குறைவில்லை. இல்லாதது நேரம். இங்கே படிப்பவர்களில் பெரும் பகுதி டே ஸ்காலர்கள். அவர்களின் சாயங்காலத்தை முடிவு செய்வது பாடத்திட்டமும் இல்லை, உடற்கல்வி இயக்குநரும் இல்லை. பஸ் டைம் டேபிள்.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு ரூட்டிலும் ஒரு மணி நேரம் தள்ளி இன்னொரு டிரிப். டவுன் பஸ்ஸோ கல்லூரி பஸ்ஸோ, எதுவாக இருந்தாலும் சரி. மைதானத்தில் வண்டி நிற்கக் கூடாது. மாணவிகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, அவர்களுக்கென்று மைதானத்தில் ஒதுக்கிய நாட்கள். நாலு பந்து, இரண்டு வலை. வருகைப் பதிவு வேண்டாம். ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வைத்தால், வாரம் மூன்று மணி நேரம், 45 மணி. இரண்டு செமஸ்டருக்கு 90. பழைய விதி கேட்ட எண்பதைவிடப் பத்து மணி நேரம் கூடவே வருகிறது.